உளுத்துப்போக வேண்டும் என்றே கட்டப்படும் வீடுகள்

இடம்பெயர்ந்தவர்களுக்கான வீடுகள் பற்றிக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கட்டடக்கலை இதழ்கள், விருதுக் குழுக்களின் குறிப்புகள், உதவி நிறுவனங்களின் கையேடுகள் என்று கலந்துகட்டி. எதை எடுத்தாலும் ஒரு சொற்றொடர் கண்ணில் படுகிறது: 'நீடித்து உழைக்கும், பருவநிலையைத் தாங்கும் தங்குமிடம்.' கேட்க நல்லாத்தான் இருக்கு. யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள்?

ஆனால் உலகத்தின் மிகப் பெரிய அகதி முகாமில், குடும்பங்கள் நீடித்து உழைக்கும் வீட்டைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி. செங்கல் கூடாது, சிமெண்ட் சுவர் கூடாது, தகரக் கூரை கூடாது. மூங்கிலும் தார்ப்பாயும் மட்டும்தான். இந்த விதியைத் தள்ளி வைத்துவிட்டு அகதி வீடுகளின் வடிவமைப்பைப் பற்றி எழுதப்படும் பாராட்டுகளில் ஏதோ ஒரு பெரிய விஷயம் விடுபட்டுப் போகிறது என்பது என் எண்ணம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த வீட்டைப் பார்ப்போம்

பங்களாதேஷின் தென்கிழக்கு மூலை, காக்ஸ் பஜார் மாவட்டம். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மர் ராணுவத்தின் வன்முறைக்குத் தப்பி 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் சில மாதங்களுக்குள் எல்லையைக் கடந்து வந்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்களையும் சேர்த்தால் உக்கியா, டெக்னாஃப் என்ற இரண்டு வட்டங்களில் சுமார் 10 லட்சம் பேர். காடாக இருந்த மணற்குன்றுகளை வெட்டி, படிப்படியாகச் சமன்செய்து, குடில்கள் போட்டார்கள். குட்டுப்பாலாங் முகாம் இப்படித்தான் ஒரு நகரமானது.

ஒரு கட்டடத்தை விமர்சனம் செய்வது மாதிரியே இந்தக் குடிலை விமர்சிக்கலாம். அதற்கு முழுத் தகுதியும் உள்ள கட்டடம்தான் இது. வங்காளத்தில் இரண்டு வகை மூங்கில் புழக்கத்தில் இருக்கிறது. தடித்த, சுவர் கனமான 'போராக்' மூங்கில் தூணுக்கு. மெல்லிய 'முலி' மூங்கில் தட்டிக்கும் வரிச்சுக்கும். தூண் நட்டு, விட்டம் கட்டி, தட்டி வைத்து, மேலே தார்ப்பாய் விரித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் வீடு தயார். கைவேலை தெரிந்த நான்கு பேருக்கு இது பெரிய வேலை இல்லை. பொருள் உள்ளூரில் கிடைக்கும். அவசர காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமானம் சொல்வது கஷ்டம்.

பிரச்சினை, அவசரம் முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது.

2017-18ல் தேவை தலைக்கு மேல் போனதால் முற்றாத மூங்கிலையும் வெட்டிக் கொண்டுவந்தார்கள். இளம் மூங்கிலில் மாவுச்சத்து அதிகம். துளைக்கும் வண்டுகளுக்கு அது விருந்து. வெளியே பார்த்தால் தூண் நிற்கும். தட்டினால் உள்ளேயிருந்து மாவு கொட்டும். 'உளுத்துப்போச்சு' என்று நாம் சொல்வோமே, அதேதான். மண்ணுக்குள் நட்ட பகுதி ஈரத்தில் அழுகும். கூரைத் தார்ப்பாய் வெயில் பட்டுப் பட்டு ஓரிரண்டு ஆண்டில் இற்றுப்போகும். வங்கக் கடலோரத்தில் பருவமழையும் புயலும் வருடா வருடம் வரும் இடத்தில் இப்படி ஒரு வீடு.

பொறியாளர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில் அவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆகவேண்டும். மூங்கிலின் கணுக்களைத் துளைத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் சில நாள் ஊறவைக்கும் நிலையங்களை முகாம் பகுதியிலேயே அமைத்தார்கள். இப்படிப் பதப்படுத்திய மூங்கிலை வண்டு தொடாது, ஆயுள் பல மடங்கு கூடும். தூண் நேரே மண்ணைத் தொடாதபடி அடியில் பாதம் வைத்தார்கள். புயல் பருவத்துக்கு முன்பு கூரையை முளையோடு இழுத்துக் கட்டக் கயிறும் கருவிகளும் வீடுவீடாகக் கொடுத்தார்கள். சரிவுகளில் மண் பிடித்து நிற்க வெட்டிவேர் நட்டார்கள். நம் ஊரில் பானைத் தண்ணீரில் வாசத்துக்குப் போடுகிற அதே வெட்டிவேர்தான். அதன் வேர் ஆழமாக நேரே இறங்கி மண்ணைத் தைத்துப் பிடிக்கும். விறகுக்காகக் காடு அழிவதைத் தடுக்க 2018 முதல் சமையல் எரிவாயு சிலிண்டர்கள் வந்தன. ஒவ்வொன்றும் நல்ல வேலை. ஒவ்வொன்றும் உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வேலிக்குள் நின்று செய்த வேலை. உதாரணமாக, வெண்காரக் கரைசல் மழையில் கரைந்து வெளியேறும் தன்மை கொண்டது. அதனால் பதப்படுத்திய மூங்கில் நனையாமல் இருக்கவேண்டும், அதற்குக் கூரை அகலமாக வெளியே நீளவேண்டும். மூங்கில் கட்டுகிற எந்த ஆசாரியும் இதைத்தான் முதலில் சொல்வார். கூரை வெளியே நீள இடம் வேண்டும். இடம் எங்கே? முகாமில் ஆளுக்குச் சுமார் 45 சதுர மீட்டர் நிலம் இருக்கவேண்டும் என்கின்றன சர்வதேச மனிதநேய உதவிக்கான ஸ்ஃபியர் தரநிலைகள். அங்கே பல முகாம்களில் 15 சதுர மீட்டர்கூட இல்லை. தாழ்வாரம் நீட்டினால் அடுத்த வீட்டின் கூரையில் இடிக்கும்.

தீ விஷயமும் இதே கதைதான். 2021 மார்ச் 22 அன்று பாலுக்காலி பகுதியில் தீப்பிடித்தது. சுமார் 10 ஆயிரம் குடில்கள் எரிந்தன. 45 ஆயிரம் பேர் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். குறைந்தது 15 பேர் இறந்தார்கள். முகாமைச் சுற்றிப் போட்டிருந்த முள்கம்பி வேலியால் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டோம் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். 2023 மார்ச்சில் இன்னொரு தீ, சுமார் 2 ஆயிரம் குடில்கள், 12 ஆயிரம் பேர். காய்ந்த மூங்கில், பிளாஸ்டிக் தார்ப்பாய், நெருக்கம், வேலி. இதில் வடிவமைப்பாளர் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பாருங்கள்.

மழையும் அப்படித்தான். 2021 ஜூலை கடைசியில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்றுகள் சரிந்தன, தாழ்ந்த பகுதிகள் மூழ்கின, ஆயிரக்கணக்கானவர்கள் குடிலைவிட்டு வெளியேறினார்கள். சரிவின் விளிம்பில் இருக்கும் குடிலுக்கு எத்தனை நல்ல முடிச்சுப் போட்டாலும் மண் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

விதி எங்கிருந்து வருகிறது

நீடித்த பொருளுக்குத் தடை என்பது யாரோ ஒரு அதிகாரியின் மனக்கோணல் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு நாட்டின் பயம் இருக்கிறது. செங்கல் வீடு கட்டிக் கொடுத்தால் இவர்கள் திரும்பிப் போகமாட்டார்கள் என்ற பயம். உலகத்திலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நாடுகளில் ஒன்று பங்களாதேஷ். பணக்கார நாடுகள் ஆயிரம் பேருக்கு இடம் கொடுக்கவே பேரம் பேசும் காலத்தில் அது 7 லட்சம் பேரைச் சில மாதங்களில் உள்ளே விட்டது. அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய நமக்குத் தகுதி இல்லை.

ஆனால் அந்தப் பயம் சரிதானா என்று கேட்கலாம். ஏனென்றால் இது முதல் தடவை இல்லை. 1978ல் சுமார் 2 லட்சம் ரோஹிங்கியாக்கள் இதே எல்லையைக் கடந்தார்கள். அப்போது அவர்களைத் திரும்ப அனுப்பும் அவசரத்தில் முகாம்களில் உணவு சுருக்கப்பட்டது. சுமார் 10 ஆயிரம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்துபோனதை ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அன்றைய காக்ஸ் பஜார் கிளை அலுவலகத் தலைவர் ஆலன் லிண்ட்குவிஸ்ட் எழுதிய அறிக்கை பதிவு செய்திருக்கிறது. மீதிப் பேர் திரும்பிப் போனார்கள். 1982ல் மியான்மரின் புதிய குடியுரிமைச் சட்டம் அவர்களைக் கிட்டத்தட்ட முழுமையாக வெளியே தள்ளியது. 1991-92ல் சுமார் 2.5 லட்சம் பேர் மறுபடி ஓடிவந்தார்கள். மறுபடி திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2017ல் மறுபடி வந்தார்கள்.

இந்த வரலாற்றில் வீட்டின் சுவர் எதையாவது தீர்மானித்ததா? போனதும் வந்ததும் மியான்மரில் நடந்ததைப் பொறுத்து, இரண்டு அரசுகளின் ஒப்பந்தங்களைப் பொறுத்து. முகாமில் வாழ்க்கையைக் கசப்பாக்கினால் திரும்பிப் போவார்கள் என்ற கணக்கு ஒருமுறை 'வேலை' செய்தது. அதன் விலை குழந்தைகளின் சவங்கள். அதுவும் நிலைக்கவில்லை, பதினைந்து ஆண்டுக்குள் எல்லாரும் திரும்ப வந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பங்களாதேஷ் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. 2017ல் வந்தவர்களை அது அதிகாரப்பூர்வமாக அகதிகள் என்று அழைப்பதில்லை. 'வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியான்மர் குடிமக்கள்' என்கிறது. குடிமக்களே இல்லை என்று மியான்மர் சொல்கிறது. ஒரு நாட்டில் அகதி இல்லை, இன்னொரு நாட்டில் குடிமகன் இல்லை. இப்படிப்பட்ட ஒருவர் எந்த வீட்டில் இருக்கலாம் என்பதற்கான பதில்தான் அந்த மூங்கில் குடில். சட்டத்தில் அவருக்கு இருக்கும் இடத்தைக் கட்டடமாக மொழிபெயர்த்தால் இப்படித்தான் வரும்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே நிலைதான். 2012 கலவரத்துக்குப் பிறகு சிட்வே அருகே உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்த ரோஹிங்கியாக்களுக்கு மூங்கிலில் நீள்வீடுகள் கட்டினார்கள். இரண்டு ஆண்டு தாங்கினால் போதும் என்று கட்டியவை. 2023 மே 14 அன்று மோக்கா புயல் கரையைக் கடந்தபோது மக்கள் அதே மாதிரி வீடுகளில்தான் இருந்தார்கள். பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. புயல் அவற்றை வாரிக்கொண்டு போனது. செய்திகளில் இது 'பருவநிலைப் பேரிடர்' என்று வந்தது. பாதி உண்மை. காற்றின் வேகம் இயற்கை. பதினோராம் ஆண்டிலும் இரண்டாண்டு வீட்டில் மனிதர்கள் இருந்தது இயற்கை இல்லை.

பரிசு வாங்கிய வீடுகள்

இனி விமர்சகர்கள் கொண்டாடிய பக்கம் வருகிறேன்.

ஸ்வீடனில் உருவான 'பெட்டர் ஷெல்ட்டர்'. ஐகியா அறக்கட்டளையும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேர்ந்து வளர்த்தது. ஐகியா மேசை நாற்காலி மாதிரியே தட்டையான பெட்டியில் வரும். நான்கு பேர் சில மணி நேரத்தில் பூட்டிவிடலாம். 17.5 சதுர மீட்டர், சூரிய விளக்கு, ஆயுள் சுமார் மூன்று ஆண்டு. லண்டன் டிசைன் மியூசியத்தின் 2016-ம் ஆண்டுக்கான சிறந்த வடிவமைப்பு விருது வாங்கியது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பூட்டு போடக்கூடிய கதவு. கேட்க அற்பமாகத் தெரியும். கூடாரத்துக்குப் பூட்டு கிடையாது. இரவில் உள்ளே இருந்து தாழ் போட முடிவது ஒரு பெண்ணுக்கு என்ன என்பதை எந்த விருதுக் குழுவும் அளந்துவிட முடியாது. அந்தக் கதவுக்காகவே அந்த வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வணக்கம்.

ஆனால் விருதுக்கு ஓராண்டு முன்பே, 2015 டிசம்பரில், சூரிக் நகரம் தான் வாங்கிய 62 குடில்களைப் பயன்படுத்தாமல் நிறுத்தி வைத்தது. தீச்சோதனையில் எளிதாகப் பற்றிக்கொள்கின்றன என்று தெரிந்தது. பிறகு வடிவமைப்பு திருத்தப்பட்டது. இந்தச் சம்பவத்தைப் பலர் 'வடிவமைப்பின் தோல்வி' என்று எழுதினார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். சூரிக்கில் ஒரு தீப்பாதுகாப்பு விதி இருந்தது. அகதி தங்கினாலும் யார் தங்கினாலும் அந்த விதி பொருந்தும் என்று அந்த நகரம் நினைத்தது. அதனால் அங்கே யாரும் அந்தக் குடிலுக்குள் எரிந்து சாகவில்லை. பாலுக்காலியில் பத்தாயிரம் குடில்களை நிறுத்தி வைக்க அப்படி ஒரு விதி இல்லை. இருந்த விதி எதிர்ப்பக்கம் இழுத்தது, எரியாத பொருளைத் தடுத்தது. பாதுகாப்பு குடிலின் தகட்டில் பாதி, அது நிற்கும் ஊரின் சட்டத்தில் பாதி.

அடுத்து, 2022ல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற திட்டங்களில் ஒன்று, ரோஹிங்கியா முகாம்களில் கட்டிய சமூகக் கூடங்கள். இளம் வங்காளக் கட்டடக் கலைஞர்கள், அகதிகளையே கைவினைஞர்களாக வைத்து, களத்தில் பேசிப் பேசிக் கட்டியவை. அதே மூங்கில்தான். ஆனால் அகலமான கூரை, காற்றோட்டம், உள்முற்றம். பெண்கள் உட்கார்ந்து பேச, தைக்க, குழந்தையைத் தூங்க வைக்க ஓர் இடம். படங்களைப் பார்த்தாலே மனசு லேசாகும். அகதி வாழ்க்கைக்கு இவ்வளவு அழகு போதும் என்று கை விரிக்காத வேலை அது. அந்த விருதைப் பாராட்டிய பல கட்டுரைகள் கேட்காத கேள்வி ஒன்று: பொதுக்கூடத்துக்குக் கிடைத்த அகலக் கூரை ஏன் வீட்டுக்குக் கிடைக்கவில்லை? அதே மூங்கில், அதே கைகள், அதே மழை. கூடத்துக்கு நிலம் ஒதுக்க முடிந்தது, வீட்டுக்கு முடியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். திறமைக்குப் பஞ்சம் என்று இனி யாரும் சொல்ல முடியாது என்பதற்கு அந்தக் கூடங்களே சாட்சி.

அப்படியானால் சிமெண்ட் வீடு?

சரி, உறுதியான வீடு கொடுத்துவிட்டால் முடிந்ததா? அதையும் பங்களாதேஷ் செய்து பார்த்துவிட்டது.

மேக்னா ஆற்றின் வண்டல் சேர்ந்து கடலில் எழும் திட்டை வங்காளத்தில் 'சர்' என்பார்கள். 2006 வாக்கில் தலைகாட்டிய பாஷான் சர் என்ற திட்டில், கடற்படையை வைத்து ஒரு லட்சம் பேருக்கான குடியிருப்பு கட்டினார்கள். சுற்றிலும் மண் அணை, 1,440 வீடுகள், 120 புயல் காப்பகங்கள். ஒவ்வொரு வீட்டிலும் 16 அறை, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. 2020 டிசம்பர் 4 முதல் ஆட்களைக் கொண்டுபோனார்கள். 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே சேர்ந்தார்கள்.

'நீடித்து உழைக்கும், பருவநிலையைத் தாங்கும்' என்ற வரியை வைத்து மதிப்பெண் போட்டால் பாஷான் சர் வகுப்பில் முதல் மாணவன். சுவர் உளுக்காது. தகரக் கூரை கிழியாது. புயல் வந்தால் ஒதுங்கக் காப்பகம் பக்கத்திலேயே.

ஆனால் சிட்டகாங்கிலிருந்து படகில் சில மணி நேரம். நினைத்தபோது வெளியே போக முடியாது. சொந்தக்காரர்கள் காக்ஸ் பஜாரில். வேலை கிடையாது. 2021 ஆகஸ்டில் தீவிலிருந்து தப்பிக்கப் படகேறியவர்கள் நடுக்கடலில் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். யோசிச்சுப் பாருங்க, உளுக்காத சுவரை விட்டுவிட்டு, உளுத்த மூங்கில் இருக்கும் குன்றுக்குத் திரும்பிப் போக உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள். சிமெண்டால் மட்டும் வீடு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியாது.

இங்கே மூன்றாவது ஒரு வீட்டைக் கொண்டுவருகிறேன். வங்காளக் கட்டடக் கலைஞர் மரீனா தபஸ்ஸும் 2020 வாக்கில் உருவாக்கிய 'குதி பாரி'. குட்டி வீடு என்று பொருள். ஆற்றுத் திட்டுகளில் வாழும் நிலமற்ற வங்காளிகளுக்கானது. மூங்கில் சட்டகம், எஃகு இணைப்பு, தகரக் கூரை, இரண்டு தளம். வெள்ளம் வந்தால் மேல் தளத்துக்கு ஏறிக்கொள்ளலாம். ஆறு கரையை அரித்தால் வீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு திட்டுக்குப் போகலாம். 2025ல் இதற்கும் ஆகா கான் விருது கிடைத்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் குதி பாரியும் தற்காலிகம்தான், முகாம் குடிலும் தற்காலிகம்தான். இரண்டிலும் மூங்கில். ஆனால் குதி பாரியை எப்போது கழற்றுவது, எங்கே நடுவது என்று அந்த வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். தகரம் அவருடையது. மூங்கில் போனால் அவரே மாற்றுவார், பக்கத்தில் ஒரு தாழ்வாரம் இழுப்பார், வாழைக்கன்று வைப்பார். முகாம் குடிலில் இருப்பவருக்கு மாற்று மூங்கில் விநியோகப் பட்டியலில் பெயர் வரும்போது கிடைக்கும். குதி பாரி ஆற்றோடு பேசிக்கொண்டிருக்கிறது, முகாம் குடில் கோப்போடு.

ஆக, வீட்டின் ஆயுளைப் பொருளின் ஆயுளாக மட்டும் அளப்பது தப்பு என்று படுகிறது. ஒரு வீடு நீடிப்பது, அதில் இருப்பவருக்கு அதைப் பழுதுபார்க்கும் உரிமை நீடிக்கும் வரைதான். நம் கிராமத்துக் கூரை வீடு எத்தனை தலைமுறை நின்றது? ஓலை இரண்டு வருடம்தான் தாங்கும். ஆனாலும் வீடு நின்றது, ஏனென்றால் மாற்ற ஆள் இருந்தது, மாற்ற அனுமதி யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

இது நமக்கு வெளியூர் விஷயம் இல்லை

இந்தியாவும் 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடுதான். 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்களுக்கு முகாம்கள் போட்டோம். பத்துக்குப் பத்து அடி அறை என்பது அந்த முகாம்களைப் பற்றி எழுதிய எல்லாரும் சொன்ன விஷயம். போர் ஓயும்வரை என்று நினைத்துக் கட்டியது. அதே அறையில் பிறந்தவர்கள் அதே அறையில் கல்யாணம் கட்டி, குறுக்கே புடவையை மறைப்பாகக் கட்டிக் குடித்தனம் நடத்தினார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்க்கு நலத்திட்டங்களை அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் பெரிய பங்கு. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். முதல் படகு வந்து 38 ஆண்டு. இடையில் ஒழுகிய கூரைகளை, பழுதான சுவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? கான்கிரீட் வீடு வந்த பிறகும், குடியுரிமை இல்லாத ஒருவருக்கு அந்த வீடு எந்த அளவுக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. காக்ஸ் பஜாரைப் பார்த்து உச்சுக்கொட்டும்போது, மண்டபத்தையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

இதில் பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஒரு குடில் இரண்டு ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டில் அதை நான்கு முறை கட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் அது 'அவசர உதவி' என்ற தலைப்பில் வரும், ஒவ்வொரு முறையும் நன்கொடையாளர்களிடம் புதிதாகக் கையேந்தவேண்டும். முதல் முறையே உறுதியாகக் கட்டியிருந்தால் மலிவு என்பது எந்த வீட்டுக்காரருக்கும் தெரியும். தற்காலிகம் என்று பெயர் வைத்துவிட்டால் அந்த எளிய கணக்கையே போட முடியாது. ஏனென்றால் எட்டு ஆண்டு என்று வாயால் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை.

விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள்

வடிவமைப்பு வீண் என்று நான் சொல்லவரவில்லை. வெண்காரத்தில் ஊறிய மூங்கிலும், பூட்டு போட்ட கதவும், வெட்டிவேர் பிடித்த சரிவும் எல்லாம் வேண்டும். அரசியல் மாறும்வரை மழை காத்திருக்காது. விதிக்குள்ளே நின்றுகொண்டு அந்த விதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்திய பொறியாளர்கள்தான் இந்தக் கதையில் உண்மையான வேலை செய்தவர்கள்.

என் புகார், அவர்கள் வேலையை எழுதுகிறவர்கள் மீது. ஒரு சொகுசு பங்களாவை விமர்சிக்கும்போது மனையின் விலை, கட்டுமான விதி, முதலாளியின் விருப்பம் எல்லாவற்றையும் எழுதுகிறோம். அகதி வீடு என்று வந்ததும் மூங்கிலின் அழகையும் வடிவமைப்பாளரின் பரிவையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். நிலம் யாருடையது, எந்தப் பொருளுக்குத் தடை, அந்தத் தடையைப் போட்டவர் யார், குடியிருப்பவர் சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா என்று கேட்பதில்லை. பரிவு கண்ணை மறைக்கிறது. கடைசியில் அந்த வீட்டை உளுக்கவைத்த விதி, படத்தின் சட்டகத்துக்கு வெளியே சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த முறை ஒரு விருது வாங்கிய அகதிக் குடிலின் படம் உங்கள் கண்ணில் படும்போது, கூரையை ரசித்துவிட்டு இந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள்: இந்தத் தூண் உளுத்தால், இதில் இருப்பவர் தானே போய் இதைவிட நல்ல தூண் ஒன்றை வாங்கி நட முடியுமா? முடியாது என்றால், அந்தக் கட்டடத்தைப் பற்றிய முதல் உண்மை அதுதான். விமர்சனத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.